கொட்டகலை ஏற்றத்துக்கு எந்த எஞ்சின்? 5ஏ-யை இறக்கி 7ஏ ஏற்றிய அனுபவம்

என்னிடம் இருப்பது 1993ஆம் ஆண்டு டொயோட்டா 100 கொரோலா. ஏஈ100 மாடல், 5ஏ-எஃப்ஈ எஞ்சின், ஐந்து கியர் மேனுவல். ஆறு வருடமாக ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா என்று அதே ஏ7 பாதையில்தான் ஓடுகிறது. போன வருடக் கடைசியில் காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வர ஆரம்பித்தது, ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில் குடித்தது, ரதல்ல ஏற்றத்தில் ஒரு கொழுந்து லொறியை முந்துவதற்கு மூன்று வளைவு காத்திருக்க வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு கார் விலை போன போக்கு எல்லோருக்கும் தெரியும், 2025இல் திறந்துவிட்ட பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் என் கைக்கு எட்டாது. அதனால் இந்தக் காரையே நல்ல வேகமான காராக ஆக்குவது என்று முடிவு. கையில் இருந்தது நாலு லட்சம் ரூபா. அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்துக்கு இறுகுகிறது என்று பார்த்தேன். மூன்று சிலிண்டரில் 160 பிஎஸ்ஐ-யை ஒட்டி வந்தது, மூன்றாவது சிலிண்டரில் 95. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கு கடல் மட்டத்துக்கானது. ஹட்டன் பக்கம் நாம் ஏறக்குறைய 1270 மீற்றர் உயரத்தில் இருக்கிறோம், காற்று அழுத்தமே பதினான்கு சதவீதம் அளவுக்குக் குறைவு, ஆகவே நல்ல எஞ்சினும் இங்கே கேஜில் குறைவாகத்தான் காட்டும். அது தெரியாமல் நாலு சிலிண்டரும் போய்விட்டது என்று பயந்து நல்ல எஞ்சினைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். நாலும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். மூன்றாவதில் ஒரு கரண்டி ஒயில் ஊற்றித் திரும்பப் பார்த்தேன், 95 என்பது 135க்கு ஏறியது. அப்படி ஏறினால் வால்வில் கோளாறு இல்லை, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்தான் போயிருக்கிறது.

சரி, எப்படியும் எஞ்சினைத் திறக்க வேண்டும். திறக்கிற செலவோடு செலவாக எதைப் போடுவது?

நண்பர்கள் எல்லோரும் சொன்னது ஒரே பதில்: "20 வால்வு போடு மச்சான்." ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குப் போய் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி பார்த்து வளர்ந்த யாருக்கும் அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே இருக்கும். எனக்கும் அந்த ஆசை நிறையவே இருந்தது. 20 வால்வு என்றால் 4ஏ-ஜீஈ பிளாக் டொப் எஞ்சின்தான், 1587 சிசி, 165 குதிரைத்திறன், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் த்ரொட்டில். ஏஈ101, ஏஈ111 கார்களில் வந்த எஞ்சின் என்பதால் 100 கொரோலாவுக்குள் இறங்குவதும் பெரிய வேலை இல்லை. ஆனால் அந்த 165 வருவது 7800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7800 சுற்று). அதிகபட்ச டோர்க், அதாவது சுழற்றி இழுக்கிற விசை, 162 நியூட்டன் மீற்றர், அதுவும் 5600இல்.

நான் என்ன செய்தேன் என்றால், டாஷ்போர்டில் போனை ஒட்டி வைத்து ஆர்பிஎம் மீட்டரை வீடியோ எடுத்தபடி ஹட்டனில் இருந்து நுவரெலியா வரை என் வழக்கமான வேகத்தில், கொஞ்சம் உற்சாகமாகவே, ஓட்டிப் போனேன். ராத்திரி உட்கார்ந்து வீடியோவை ஓடவிட்டுப் பத்து வினாடிக்கு ஒரு முறை ஊசி எங்கே நிற்கிறது என்று கொப்பியில் எழுதினேன். பெரும்பாலும் 2000க்கும் 3800க்கும் இடையில். 5000ஐத் தாண்டியது முழுப் பயணத்திலும் நாலே நாலு தடவை, எல்லாம் லொறியையோ பஸ்ஸையோ முந்திய நேரம். ஏன் என்று யோசித்தால் புரியும்: இந்தக் காரில் இரண்டாவது கியரில் 3000 என்றால் மணிக்கு 45 கிலோமீற்றர் அளவில் வரும், மூன்றாவதில் 65ஐத் தாண்டும். நம் வளைவுகளில் 45க்கும் 65க்கும் இடையில்தான் வாழ்க்கையே. 7800க்குப் போக வேண்டுமென்றால் வளைவில் இருந்து வெளியே வரும்போதெல்லாம் முதல் கியரில் கத்திக்கொண்டு இருக்க வேண்டும்.

அந்தக் கொப்பிதான் முடிவை எடுத்துக் கொடுத்தது. எனக்கு வேண்டியது குதிரைத்திறன் இல்லை, கீழே இருந்து இழுக்கிற டோர்க்.

காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிற டர்போவையும் யோசிக்காமல் இல்லை. உண்மையைச் சொன்னால் உயரத்துக்குச் சரியான மருந்து டர்போதான். நுவரெலியா 1868 மீற்றர், அங்கே காற்று அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான், டர்போ அதை ஈடு கட்டிவிடும், சாதா எஞ்சினால் முடியாது. ஸ்டார்லட் ஜீடி கார் வைத்திருப்பவர்கள் அதன் 4ஈ-எஃப்டீஈ டர்போ எஞ்சினோடு சந்தோஷமாக இருக்கட்டும், 1331 சிசியில் 135 குதிரைத்திறன், அதைக் கம்பெனியே டர்போவுக்கென்று கம்ப்ரஷன் குறைத்துச் செய்தது. ஆனால் 5ஏ மாதிரி உயர்ந்த கம்ப்ரஷன் உள்ள, முப்பது வருடம் ஓடிய எஞ்சினில் வெளியில் இருந்து டர்போ மாட்டுவது என்றால் பெற்றோல் பீச்சுகிற இன்ஜெக்டர், எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூ, இன்டர்கூலர், ஒயில் லைன், கிளட்ச், அதற்கு மேல் டியூன் செய்யக் கொழும்புக்குப் போய் வருகிற செலவு. நாலு லட்சத்தில் இதெல்லாம் அரைகுறையாகத்தான் முடியும். அரைகுறை டர்போவைவிட முழுசான சாதா எஞ்சின் மேல் என்பது என் உறுதியான கருத்து.

மிஞ்சியது 7ஏ-எஃப்ஈ. 5ஏ-யின் அதே குடும்பம்தான். 5ஏ-யில் போர் (சிலிண்டரின் விட்டம்) 78.7, ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற தூரம்) 77 மில்லிமீற்றர், 1498 சிசி. 7ஏ-யில் போர் 81, ஸ்ட்ரோக் 85.5, 1762 சிசி. 5ஏ-யின் டோர்க் 135 அளவு, 4800இல். 7ஏ-யின் டோர்க் 155 அளவு, ஆனால் 2800இல்! என் கொப்பியில் ஊசி நிற்கிற அதே இடம். எஞ்சின் மவுன்ட் அப்படியே பொருந்தும், கியர்பொக்ஸ் மாற்றத் தேவையில்லை. ஏனென்றால் வெளிநாட்டுக்குப் போன ஏஈ102 கொரோலாவில் கம்பெனியே இந்த எஞ்சினைத்தான் போட்டிருந்தது.

நீண்ட ஸ்ட்ரோக்கில் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 85.5 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக்கை 7000 ஆர்பிஎம்மில் சுற்றினால் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 20 மீற்றர் ஆகிறது, அதே 7000இல் 5ஏ-யின் பிஸ்டனுக்கு 18தான். கம்பெனி கனெக்டிங் ரொட்டை வைத்துக்கொண்டு 7ஏ-யை அதற்கு மேல் ஓட்டக்கூடாது. ஓட்டவும் தேவையில்லை.

எஞ்சின் தேடி, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு இரண்டு தடவை போனேன். கரீனா, கொரோனா பிரிமியோவில் வந்த பிந்திய 7ஏ-க்களில் லீன் பர்ன், அதாவது பெற்றோலைக் குறைத்து எரிக்கிற வகை உண்டு. இன்டேக்கில் தனி ஸ்வர்ல் வால்வு, வேறு மாதிரி ஒக்சிஜன் சென்சர் என்று அதன் வயரிங் முழுக்க வேறு. அது வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்ததால் கடையில் காட்டிய மூன்றில் இரண்டை உடனே ஒதுக்க முடிந்தது. மூன்றாவது சாதா வகை. பிளக் நாலையும் கழற்றிப் பார்த்தேன், ஒயில் மூடியைத் திறந்து உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன், கறுப்புச் சேறு இல்லை, கிராங்க் புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன், தட்டவில்லை. 1,70,000 சொன்னார்கள், 1,55,000க்கு முடிந்தது. ஈசியூவும் இன்ஜெக்டரும் சேர்த்துத்தான் விலை பேசினோம். "ஈசியூ ஸ்டோரில் இருக்கிறது, அடுத்த வாரம் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், இன்ஜெக்டரைக் கழுவிக் கூடவே அனுப்புகிறேன்" என்றார் கடைக்காரர். நம்பி முழுக்காசையும் கொடுத்தேன். அது வரவே இல்லை, கடைசியில் போனையும் எடுக்கவில்லை. முழுச் செட்டும் கையில் வராமல் காசு கொடுக்காதீர்கள்.

மாமாவின் லொறியில் ஏற்றி கினிகத்தேனை வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்கத் தகரக் கொட்டிலில் வைத்துத் திறந்தேன். எஃப்ஈ ஹெட்டில் வால்வைத் திறக்கிற கேம் தண்டு இரண்டு, ஒரு கேம் பெல்ட்டில் சுற்றும், மற்றது கியர் மூலம் அதோடு சேர்ந்து சுற்றும். அந்தக் கியர் இரட்டைத் தட்டு, நடுவில் ஸ்பிரிங். கேமைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த இரண்டு தட்டையும் ஒரு 6 மில்லிமீற்றர் போல்ட் போட்டுப் பூட்ட வேண்டும். பூட்டாமல் கழற்றினால் ஸ்பிரிங் இழுத்துத் தட்டு விலகிவிடும், கேமும் சாய்ந்து ஹெட்டில் தான் உட்காரும் இடத்தைச் சிதைத்துவிடும். ஐந்து ரூபா போல்ட், ஒரு முழு ஹெட்டைக் காப்பாற்றும்.

பிளாக்கையும் ஹெட்டையும் கம்பளையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருக்கிற அண்ணன் முப்பது வருடமாக இந்த வேலைதான் செய்கிறார். போரை அளந்து பார்த்துவிட்டு, "தம்பி, ஓவர்சைஸ் வேண்டாம், தேய்மானம் குறைவு, ஹோன் பண்ணிப் புது ரிங் போட்டால் போதும், அந்தக் காசை ஹெட்டில் போடு" என்றார். அவர் நினைத்திருந்தால் நாலு சிலிண்டரையும் போர் பண்ணிப் புதுப் பிஸ்டனும் வாங்க வைத்திருக்கலாம். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அறுபதாயிரம் மிஞ்சியது. ஹெட்டை லேசாக ஃபேஸ் பண்ணி, வால்வு எல்லாம் கிரைண்ட் பண்ணி, புது வால்வு சீல் போட்டோம். போர்ட்டிங் என்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மெனிஃபோல்ட் கேஸ்கெட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையில் பிதுங்கி நின்ற ஓரங்களை மட்டும் கையால் தேய்த்துச் சமப்படுத்தினேன், ஒரு சனிக்கிழமை முழுக்க அதற்கே போனது.

ரிங் போடும்போது அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு ரிங்கையும் அது போகப்போகிற சிலிண்டருக்குள்ளேயே வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டு நேராகத் தள்ளி, ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பொதுவான கணக்கு, போர் 25 மில்லிமீற்றருக்கு 0.1 வீதம், ஆக 81க்கு 0.32 அளவு. எனக்கு மூன்று சிலிண்டரில் 0.30, 0.32, 0.30. நாலாவதில் மேல் ரிங் 0.20தான் வந்தது. பெட்டியில் இருந்து எடுத்து அப்படியே மாட்டியிருந்தால், எஞ்சின் சூடேறி ரிங் விரிந்து, இரண்டு முனையும் முட்டி, சிலிண்டரைக் கீறியிருக்கும். மெல்லிய அரத்தை வைஸில் பூட்டி, ஒரு முனையை மட்டும், உள்பக்கம் நோக்கி மட்டும் இழுத்து, நாலு இழுவைக்கு ஒரு தடவை அளந்து, 0.31க்குக் கொண்டுவர ஒரு மணித்தியாலம் ஆனது. வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டு இருந்தது, அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டார். போகவில்லை.

ஹெட் போல்ட் 29 நியூட்டன் மீற்றர், அதற்குப் பிறகு 90 டிகிரி, திரும்ப 90 டிகிரி. போல்ட்டில் நீளம் இரண்டு வகை, கழற்றும்போதே அட்டையில் ஓட்டை போட்டுக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் இன்டேக் 0.15 முதல் 0.25, எக்ஸோஸ்ட் 0.25 முதல் 0.35. அந்த இடைவெளியைச் சரிசெய்கிற தகடான ஷிம்மைப் புதிதாகத் தேடி அலையவில்லை, பழைய 5ஏ-யில் இருந்த பதினாறையும் மைக்ரோமீற்றரால் அளந்து, இரண்டு எஞ்சினின் முப்பத்திரண்டையும் கலந்து பொருந்துகிறதைப் போட்டேன். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன் பின் ஒயில் சீல் எல்லாம் புதுசு. ஃபிளைவீல், கிளட்ச், ஒல்டர்னேட்டர் பிராக்கெட் 7ஏ-யுடையதாகவே வைத்தேன், 7ஏ பிளாக் கொஞ்சம் உயரம் என்பதால் 5ஏ-யின் சில சாமான் நேராக உட்காராது. முன் எக்ஸோஸ்ட் குழாயையும் கொஞ்சம் வெட்டி வெல்ட் பண்ண வேண்டியிருந்தது.

இனி வில்லங்கமான பகுதி. ஈசியூவும் இன்ஜெக்டரும் வராததால், என் பழைய 5ஏ ஈசியூவோடு பழைய 5ஏ இன்ஜெக்டரையே போட்டு ஸ்டார்ட் செய்தேன். ஒரே சுற்றில் பிடித்தது. ஐட்லிங் அருமை, ஊருக்குள் ஓட்டம் அருமை. மூன்றாம் நாள் நானுஓயா ஏற்றத்தில் முழு ஆக்ஸிலரேட்டர் மிதித்தபோது டிங் டிங் என்று மெல்லிய சத்தம், இழுவையும் ஒரு அளவுக்கு மேல் இல்லை. ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றினேன். பீங்கான் பகுதி சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, நுனியில் பழுப்பு துளிகூட இல்லை. பெற்றோல் போதவில்லை.

காரணம் பிடிபட ஒரு ராத்திரி ஆனது. இந்த எஞ்சின்களில் காற்றை நேராக அளக்கிற மீட்டர் இல்லை, மேப் சென்சர்தான். அது மெனிஃபோல்டின் அழுத்தத்தை மட்டும் சொல்லும், ஈசியூ அந்த அழுத்தத்தையும் ஆர்பிஎம்மையும் வைத்து "1498 சிசி எஞ்சினுக்கு இவ்வளவு காற்று" என்று கணக்குப் போட்டுப் பெற்றோல் விடும். உயரத்துக்கு இது நல்லது, நுவரெலியாவில் அழுத்தம் குறைந்தால் பெற்றோலும் தானாகக் குறையும். ஆனால் எஞ்சின் 1762 ஆகிவிட்டது என்று அதற்கு யார் சொல்வது? அதே அழுத்தத்தில் உள்ளே போகிற காற்று 17, 18 சதவீதம் அதிகம், பெற்றோல் பழைய அளவு. மெதுவாக ஓடும்போது ஒக்சிஜன் சென்சர் பார்த்துத் திருத்திவிடுகிறது, அதனால்தான் ஊருக்குள் எல்லாம் சரியாக இருந்தது. முழு மிதியில் ஈசியூ அந்தச் சென்சரைக் கேட்பதில்லை. இன்னும் இரண்டு வாரம் அப்படி ஓடியிருந்தால் பிஸ்டன் உருகியிருக்கும். எஞ்சின் மாற்றுகிறவர்கள் தயவு செய்து ஈசியூவையும் இன்ஜெக்டரையும் அந்த எஞ்சினுடையதாகவே போடுங்கள். வேறு இடத்தில் தேடி 28,000க்கு இரண்டையும் வாங்கி, வயரிங் வரைபடத்தை வைத்து ஒவ்வொரு பின்னாகப் பார்த்து மாட்டினேன். பிளக் இப்போது பிஸ்கட் நிறம்.

டைமிங், அதாவது பிளக் தீப்பொறி விடுகிற நேரத்தை வைப்பதற்கு டயக்னோஸ்டிக் பெட்டியில் டீஈ1, ஈ1 என்று இருக்கிற இரண்டு ஓட்டையையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு, டைமிங் லைட் அடித்துப் பார்த்தபடி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப வேண்டும், 10 டிகிரி. கம்பி போடாமல் வைத்தால் ஈசியூ தன் இஷ்டத்துக்கு நகர்த்திக்கொண்டே இருக்கும், நீங்கள் வைத்தது எதுவோ அது இல்லை. மேலே காற்று குறைவு என்பதால் 13, 14 வரைக்கும் அந்த டிங் டிங் என்று தட்டுகிற சத்தம் இல்லாமல் ஓடுகிறது, கொஞ்சம் சுறுசுறுப்பும் கூடுகிறது. நானும் 13இல் வைத்து ஒரு மாதம் ஓட்டினேன். ஆனால் அப்படியே 92 ஒக்டேனோடு கொழும்புக்கு இறங்கியபோது, அவிசாவளை தாண்டி வெக்கையில், பாலத்து ஏற்றத்திலேயே தட்ட ஆரம்பித்துவிட்டது. காற்று கீழே அடர்த்தி, சிலிண்டர் நிறைகிறது, சூடும் அதிகம். அன்றைக்கே ஒரு கராஜில் லைட் இரவல் வாங்கி 10க்கு இறக்கினேன். மேலேயும் கீழேயும் ஓடுகிற காருக்குக் கீழே பொருந்துகிற டைமிங்தான் வைக்க வேண்டும். 20 வால்வின் 11க்கு 1 கம்ப்ரஷனோடு இதே பிரச்சினை இன்னும் பெரிதாக இருந்திருக்கும், 95 ஒக்டேனும் மலைப்பக்கம் எல்லாப் பெற்றோல் செட்டிலும் கிடைப்பதில்லை.

ரேடியேட்டர் மூடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும், அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அந்த மூடிதான். என் பழைய மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. ஆயிரத்துச் சொச்சம் ரூபா, புதுசு போட்டேன்.

செலவு: எஞ்சின் 1,55,000. ஈசியூ, இன்ஜெக்டர் 28,000. ரிங், பெயரிங், கேஸ்கெட் செட் 68,000. லேத் 34,000. கிளட்ச் 30,000. பெல்ட், பம்ப், சீல் 26,000. ஒயில், கூலன்ட், வெல்டிங், லொறி டீசல் எல்லாம் 22,000. மிஞ்சிய 37,000இல் முன் டிஸ்க், பேட், பிரேக் ஒயில் மாற்றினேன். ஏறுகிற வேகம் கூடினால் இறங்குகிற வேகமும் கூடும், பிரேக்குக்குக் காசு ஒதுக்காமல் எஞ்சின் வேலை தொடங்கவே கூடாது. எஞ்சின் இலக்கம் மாறிவிட்டதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும், அதற்காகக் கடைப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வாங்கி வைத்திருந்தேன். புகைப் பரிசோதனை முதல் தடவையிலேயே பாஸ்.

வேலை தொடங்குவதற்கு முன்னால் ரதல்ல ஏற்றத்தில் ஒரு இடத்தை அடையாளம் வைத்து, மூன்றாவது கியரில் 40இல் இருந்து 70க்குப் போக எத்தனை வினாடி என்று பார்த்து வைத்திருந்தேன். புகை தள்ளிய 5ஏ-யில் 17. இப்போது அதே இடத்தில், பக்கத்தில் அதே மாமா உட்கார்ந்திருக்க, 11. போன ஞாயிறு முன்னால் கொழுந்து லொறி போனது, கியர் மாற்றவில்லை, வளைவு முடிந்ததும் மூன்றாவதிலேயே மிதித்தேன், அடுத்த வளைவு வருவதற்கு முன்னால் முந்தி என் பக்கத்துக்கு வந்துவிட்டேன். மாமா கண்ணாடியில் லொறியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மூணுலேயே போகுதா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்து பின் ஷொக் இரண்டும் மாற்ற வேண்டும், இடது பக்கம் கசிகிறது.